என் பெயரில் ஒரு கார்

கார் என் பெயரில் இருப்பதற்கு என் நட்சத்திரம்தான் காரணம்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் அதை வாங்கியபோது என் கணவர் ராதாகிருஷ்ணனுக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. அவர் சதயம். "வண்டி வாகனமெல்லாம் அம்மா பேர்ல எடுங்க, ரோகிணிக்கு யோகம் இருக்கு" என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஷோரூமில் என் கணவர் நிறம் தேர்ந்தெடுத்தார், அவரே பேரம் பேசினார், நான் கையெழுத்துப் போட்டேன். போன் நம்பர் கேட்ட இடத்திலும் என்னுடையதையே எழுதினேன். அட்டையில் செய்த பெரிய சாவியை என் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு நான் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவள். எனக்கு ஓட்டத் தெரியாது. அந்தக் கார் என்னுடையது என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

எங்களுக்கு அதில் ஒரு வழக்கம் இருந்தது. விளக்குத்தூண் பக்கம் அவருக்குத் தையல் சாமான் கடை. ஜிப், பட்டன், லைனிங் துணி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கடையை அடைத்துவிட்டு வருவார். நாலு மணிக்குக் கோச்சடை வீட்டிலிருந்து கிளம்பினால் கீழக்குயில்குடி. மலையடிவாரத்துத் தாமரைக் குளத்தின் படியில் இருட்டும்வரை உட்கார்ந்திருப்போம். போகிற வழியில் ஒரு டம்ளர் பருத்திப்பால். அவருக்குச் சர்க்கரை என்பதால் ஒன்றுதான் வாங்குவது. முக்கால் எனக்கு, கால் அவருக்கு. அவருடைய கால் பங்கு எப்போதும் பாதியைத் தாண்டிவிடும்.

மாசி மாதக் கடைசியில் அது நின்றுபோனது.

முதல் வாரம், "இன்னைக்கு டிராபிக் ஜாஸ்தியா இருக்கும்" என்றார். அடுத்த வாரம், "வெயிலு." அதற்கடுத்த வாரம், "கடையில ஸ்டாக் எடுக்கணும்." எல்லாவற்றையும் தமிழில் சொன்னார்.

இதை விளக்க வேண்டும். நாங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டுக்குள் எங்கள் பாஷைதான். கடையிலும் தெருவிலும் தமிழ். முப்பது வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒன்று உண்டு, அவருக்கே அது தெரியாது. என்னிடம் எதையாவது மறைக்க வேண்டுமென்றால் அவர் தமிழுக்கு மாறிவிடுவார். சரக்கு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நண்பர்களோடு ஏற்காடு போனது, இனிப்பு சாப்பிட்டுவிட்டு வந்தது, அவர் அம்மாவுக்குக் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்னது, எல்லாமே முதலில் தமிழில்தான் என்னிடம் வந்தன. வாடிக்கையாளரிடம் "சாயம் போகாதுங்க" என்று சொல்கிற அதே குரல்.

அதனால் ஏதோ மறைக்கிறார் என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு அப்போது பெருந்தன்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது பயம். என்னோடு குளத்துப் படியில் உட்கார்ந்து பேச அவருக்கு இனி ஒன்றுமில்லையோ என்ற பயம். ஐம்பத்து நாலு வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் பாட்டுக்குத் துணி மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்த நாட்களும் உண்டு.

சில விஷயங்கள் என் கண்ணில் படாமல் இல்லை. காலையில் எழுந்ததும் கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் வலது பாதத்தை வைத்து அழுத்துவார். ஒரு முறை குளியலறைச் சுவரில் கையை ஊன்றி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். சர்க்கரைக்கு டாக்டர் சொன்ன பயிற்சி என்று எடுத்துக்கொண்டேன். கடைக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். கார் வாசலில் தூசி படிந்து நின்றது.

ஆனி மாதம் பாதியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "வண்டியக் குடுத்துரலாம்னு பாக்குறேன்" என்றார். தமிழில்.

"ஏன்?"

"சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு?"

ஆரப்பாளையத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் முத்திருளன் கேட்டிருந்தாராம், அவர் மகளுக்காக. முத்திருளன் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, நீங்க வச்சிருந்த வண்டிய நான் ஓட்டிப் பாத்தா அது மரியாதையா? ஒண்ணே ஒண்ணுதான். ஆடி பொறக்கங்குள்ள பேர மாத்திக் குடுத்துருங்க. ஆடியில வண்டி எடுத்தா என் வீட்டுக்காரி என்னைய வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டா."

ஆடிக்கு ஒன்பது நாள் இருந்தது. பெயர் மாற்றும் வேலையை ஏஜென்ட் பீமாராவிடம் ஒப்படைத்தார். நான் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். வாங்கும்போது போட்டது போலவே.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பீமாராவ் போன் செய்தார். "அக்கா, ஒங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்துருக்கும். அத மட்டும் சொல்லுங்க, முடிச்சுவிட்டுர்றேன்."

போனைக் காதிலிருந்து எடுத்து மெசேஜ்களைத் திறந்தேன். ஆடித் தள்ளுபடி, காஸ் புக்கிங், பேங்க், மறுபடி ஆடித் தள்ளுபடி. ஓடிபி எங்கே என்று விரலால் தள்ளிக்கொண்டே போனவள், தேவையைத் தாண்டிக் கீழே போய்விட்டேன் போலிருக்கிறது. கார் கம்பெனியின் பெயர் கண்ணில் பட்டது. அதற்கடுத்து 'பிரேக்' என்ற ஆங்கிலச் சொல்.

திறந்தேன். ஒரே கம்பெனியிடமிருந்து மூன்று மெசேஜ்கள். மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று, வைகாசியில் ஒன்று. என் பெயர் போட்டு, என் கார் நம்பர் போட்டு, ஆங்கிலத்தில். பிரேக்கோடு சேர்ந்த ஒரு பம்ப்பில் குறை இருக்கலாம், பெடல் திடீரென்று இறுகிப்போய் மிதிக்க அதிக பலம் தேவைப்படலாம், அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம்.

நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வருகிற ஒவ்வொரு சுற்றறிக்கையையும் வரி விடாமல் படித்துக் கோப்பில் சேர்ப்பதுதான் என் வேலை. ஒரு கடிதத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்று தலைமையாசிரியை என்னைப் பற்றிச் சொல்வார்.

'பெடல் இறுகிப்போய்' என்ற வரியை மறுபடி படித்தேன். கட்டில் பலகையை அழுத்திய பாதம் ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா, டயம் முடியப் போகுது" என்றது போன்.

"முடியட்டும் தம்பி."

"இல்லக்கா, மறுபடி மொதல்லேர்ந்து..."

"வண்டியக் குடுக்கல. நான் பெறகு கூப்புடுறேன்."

அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன். எங்கள் பாஷையில் கேட்டேன், பிரேக் எப்படி இருந்தது என்று.

"பிரேக்குக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு." தமிழ். பேப்பருக்குப் பின்னாலிருந்து.

போனைப் பேப்பருக்கும் அவர் மூக்குக்கும் நடுவில் நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மூன்றாவது முறை படிக்கும்போது அவர் வலது கால் செருப்புக்குள் அசைவதைப் பார்த்தேன்.

பிறகு சொன்னார். எங்கள் பாஷையில்.

மாசியில் ஒரு காலை, குரு தியேட்டர் சிக்னலில் பிரேக்கை மிதித்திருக்கிறார். கால் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து எழும்பி, முழு உடம்பையும் காலில் போட்டு மிதித்த பிறகு, முன்னால் நின்ற முட்டை வண்டிக்கு ஒரு ஜாண் பின்னால் கார் நின்றது. பின்னால் வந்தவன் திட்டிவிட்டுப் போனான். அன்று மாலையே மெக்கானிக் மலைச்சாமியிடம் காட்டினார். மலைச்சாமி பிரேக் ஆயில் பார்த்தான், பேட் பார்த்தான், காளவாசல்வரை ஓட்டிவிட்டு வந்தான். அவன் காலுக்கு அன்றைக்குப் பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கியது. "அண்ணே, வண்டி எளவட்டமா இருக்கு. ஒங்களுக்குத்தான் வயசாகிப்போச்சு" என்று சிரித்தான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். இவர் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சில நாள் இறங்கும், சில நாள் இறங்காது. சர்க்கரை காலுக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்தார். அவருடைய அப்பாவுக்கும் வலது காலில்தான் தொடங்கியது. முதலில் மரத்துப்போனது, பிறகு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் என்னை வைத்துக்கொண்டு, ஒரு சிக்னலில் கால் கேட்காமல் போய்விட்டால்?

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றேன்.

சொன்னால் நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய், காலையே பார்ப்பாய் என்றார். நாலு மாதம் அவர் கால் நடுவீட்டில் நடமாடியபோது நான் பார்க்காதது எனக்கு உறைத்தது.

"நாளைக்கே வண்டிய சர்வீஸுக்கு விட்டுருவோம்" என்றேன்.

அவர் பேப்பரை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "பாத்துட்டு, வண்டி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டான்னா?"

அதைத் தமிழில் கேட்டார். இந்த முறை மறைத்தது என்னிடமிருந்து அல்ல.

சர்வீஸ் சென்டருக்கு நான்தான் போன் செய்தேன். சத்யப்ரியா என்ற பெண் பேசினாள். ஆர்சி புத்தகத்திலிருந்து சேசிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "உங்க வண்டி லிஸ்ட்ல இருக்கும்மா. ஓட்டிட்டு வராதீங்க. நாங்க வண்டி அனுப்பித் தூக்கிக்கிறோம்."

"லிஸ்ட்ல இருக்காம்" என்று அவரிடம் சொன்னேன்.

"லிஸ்ட்ல ஊருபட்ட வண்டி இருக்கும். எல்லாமா கெட்டுப்போச்சு?"

பாகம் வந்து சேர மூன்று நாள் ஆனது. புதன்கிழமை காலை, சாய்வுத் தட்டு வைத்த லாரி ஒன்று எங்கள் தெருவுக்குள் நுழைந்து காரைச் சங்கிலி போட்டு மேலே இழுத்தது. எதிர்வீட்டு ஸ்யாமளா மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி ஸ்ரீலட்சுமி, காருக்கே ஸ்ட்ரெச்சர் வந்துடுத்து?"

"ரத்தக்கொதிப்பு மாமி. ரெண்டு மணி நேரத்துல டிஸ்சார்ஜ்."

அவர் சிரிக்கவில்லை. ஆட்டோவில் பைபாஸ் ரோடுவரை வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பள்ளிக்கு லீவு சொல்லியிருந்தேன். அவர் கடையைச் சாத்தியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மாதிரி இருவரும் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தோம்.

சத்யப்ரியாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் கிரீஸ் கறை, காதில் பேனா. "ஓனர் யாரு?" என்றாள்.

"நான்தான்" என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்து, "இல்ல, இவங்க."

கையெழுத்துப் போட்டேன். இந்த முறை முழுவதையும் படித்துவிட்டுப் போட்டேன். எனக்காக அந்தப் பெண் இரண்டு நிமிடம் காத்திருந்தாள்.

கார் உள்ளே ஒரு பள்ளத்தின்மேல் நின்றது. "சார், மாத்தறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். உள்ள உக்காந்து நான் சொல்ற மாதிரி மிதிக்கிறீங்களா? ஓட்டறவங்க மிதிச்சாத்தான் உங்களுக்கும் தெளிவா இருக்கும்."

இவர் சுவரில் மாட்டியிருந்த என்ஜின் ஆயில் விளம்பரத்தைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். "நீங்களே பாருங்கம்மா, ஒங்களுக்குத்தான் தெரியும்."

காரின் வலது பக்கக் கதவைத் திறந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று மெசேஜ்களும் என் பெயருக்கு வந்தவை என்பதாக இருக்கலாம். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏறினேன்.

"செருப்போடயே உக்காருங்கம்மா" என்று சத்யப்ரியா சிரித்தாள்.

"இருக்கட்டும்."

நாலு வருடத்தில் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் என் இடது சீட் சின்னதாக, தள்ளியிருந்தது. கால் எட்டவில்லை. அவள் சீட்டை முன்னால் தள்ளிவிட்டாள்.

"என்ஜின் ஆஃப்ல இருக்கு. அஞ்சு தரம் மிதிங்க. மிதிக்க மிதிக்கக் கெட்டியாகும், அது சரிதான். அப்படியே அழுத்திப் பிடிச்சுக்கங்க. இப்ப நான் ஸ்டார்ட் பண்றேன். நல்ல வண்டின்னா, ஸ்டார்ட் ஆனதும் பெடல் தானா கொஞ்சம் கீழ எறங்கும்."

ஸ்டார்ட் செய்தாள். என் வெறுங்காலுக்குக் கீழே என்ஜின் அதிர்ந்தது. பெடல் இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன். கல். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து எழும்பி அழுத்தினேன். கெண்டைக்கால் நடுங்கியது. அவர் சொன்ன அந்த எழும்பல் இதுதான். பின்னால் ஹாரன் அடிக்க, முன்னால் முட்டை வண்டி நிற்க, யாரிடமும் சொல்லாமல், இந்தக் கல்லைத் தன் காலென்று நினைத்து மிதித்திருக்கிறார்.

அழுதால் அவர் பயந்துவிடுவார்.

"என்னங்க, இங்க வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். "எனக்கும் கால் போச்சு."

ஆயில் விளம்பரத்திலிருந்து திரும்பினார்.

"எறங்கலயாம்மா?" என்றாள் சத்யப்ரியா.

"ஒரு இம்மிகூட எறங்கல. எனக்கு ரெண்டு காலும் போச்சு."

அவர் கிட்டத்தட்ட ஓடி வந்தார். நான் இறங்கினேன். சீட் முன்னாலேயே இருந்ததால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, நெருக்கி உட்கார்ந்து மிதித்தார். பிறகு பக்கத்தில் சர்வீஸுக்கு வந்து நின்ற இன்னொரு காரில் சத்யப்ரியா அவரை உட்கார வைத்து அதையே செய்யச் சொன்னாள். ஸ்டார்ட் ஆனதும் அவர் முகம் மாறியதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் காருக்கு வந்தார், மிதித்தார். மறுபடி அந்தக் காருக்குப் போனார். மூன்றாவது முறை கிளம்பியபோது, "சார், அந்த வண்டிக்காரர் காபி குடிச்சிட்டு வந்துட்டாரு" என்று அவள் தடுத்துவிட்டாள்.

காத்திருக்கும் அறையில் மெஷின் காபியை இரண்டு பேப்பர் கப்பில் வாங்கிவந்து உட்கார்ந்தோம்.

"மொதல் மெசேஜ் மாசியிலயே வந்துச்சு" என்றேன். "பள்ளிக்கூடத்துல இருந்தேன். கார் சமாச்சாரம், உங்க சமாச்சாரம்னு தள்ளிவிட்டுட்டேன். மூணையும்."

அவர் கப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ரோகிணிக்கு வந்த மெசேஜ் சதயத்துக்கு எப்படித் தெரியும்? ஏழரைக்குப் பயந்து ஒன் பேர்ல எடுத்தேன் பாரு. சனி போன் வழியா வந்துட்டான்."

"வெளையாட்டில்லங்க. முட்டை வண்டிக்குப் பின்னாடி ஒரு ஆள் நின்னுருந்தா?"

கப்பைக் கீழே வைத்தார். முத்திருளனின் மகள் கையில் இதைக் கொடுக்க இருந்தோமே என்றார், எங்கள் பாஷையில், மெதுவாக. அங்கேயே முத்திருளனுக்குப் போன் போட்டார். நடந்தது அத்தனையும் சொன்னார். மறுமுனையில் சத்தம் எனக்கே கேட்டது.

"குலசாமி காப்பாத்திருச்சுண்ணே. சரி, இப்பத்தான் புதுப் பார்ட்டு போட்டாச்சுல்ல? ஆவணியில எடுத்துக்கிறேன்."

"இல்ல முத்திருளா. வண்டி குடுக்கறதா இல்ல. அது எம் பொண்டாட்டி வண்டி."

குளத்துப் படியில் பேச இனி ஒன்றுமில்லையோ என்று நான் நாலு மாதம் துணி மடித்ததை அவரிடம் சொல்லிவிடலாமா என்று அப்போது தோன்றியது. சொல்ல வாயெடுத்தேன். "காபி ஆறுது" என்றுதான் வந்தது. தமிழில். என்னிடமும் அந்தப் பழக்கம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் கார் தயாரானது. பணம் எதுவும் கேட்கவில்லை. கழற்றிய பம்ப்பைச் சத்யப்ரியா காட்டினாள். ஒரு கைக்குள் அடங்குகிற சாமான். "இம்புட்டுக்கூண்டா?" என்றார் இவர், ஏமாற்றம் போல.

வெளியே எடுத்து பைபாஸ் ரோட்டில் கோச்சடைப் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். கீழக்குயில்குடிக்குப் போகிற தேனி ரோட்டில் திரும்பினார். புதன்கிழமை என்றேன். தெரியும் என்றார். ஊரைத் தாண்டியதும் ஆளில்லாத ரோட்டில் காரணமில்லாமல் பிரேக் போட்டார். கொஞ்ச தூரம் போய் மறுபடி.

"யாரு குறுக்க வந்தா?"

"யாருமில்ல."

"பின்னாடி வர்றவன் திட்டப் போறான்."

"பின்னாடி யாருமில்லனு பாத்துத்தான் போடுறேன். நீ சும்மா வா."

கீழக்குயில்குடி திருப்பத்தில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. கார் தூரத்திலேயே மெல்லத் தணிந்து நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த முத்துத்தாய் எங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துப் பழகியவள். "என்னக்கா, ஆளையே காணோம்? அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லயோ?"

"அண்ணன் நல்லாத்தான் இருந்தாரு. வண்டிக்குத்தான் முடியல."

இரண்டும் முழு உண்மையில்லை. இவர் பாதம் மரத்துத்தான் போகிறது. கட்டை விரலில் குத்தினால் தாமதமாகத்தான் தெரிகிறது என்று வழியில் தானாகவே சொல்லியிருந்தார். "வெள்ளிக்கிழமை டாக்டர்" என்றேன். "கூட்டிட்டுப் போ, அடுத்த சர்வீஸ் எனக்குத்தான்" என்றார். பயம் போய்விடவில்லை. ஆனால் இப்போது அது எங்கள் இருவருக்கும் தெரிந்த இடத்தில் இருந்தது.

ஆலமரத்தடியில் காரை நிறுத்தினார். நான் இறங்கக் கதவைத் திறந்தபோது அவர் முந்திக்கொண்டு இறங்கிச் சுற்றி வந்தார்.

"எறங்கி அந்தப் பக்கம் உக்காரு."

"எதுக்கு?"

"கல்லா இருந்தப்ப மிதிச்சீல்ல? இப்பவும் மிதிச்சுப் பாரு."

செருப்பைக் கழற்றினேன். சீட்டை அவரே முன்னால் தள்ளிவிட்டார், நான் வசதியாக உட்காரும்வரை. ஐந்து தரம் மிதித்து அழுத்திப் பிடித்தேன். அவர் என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி ஸ்டார்ட் செய்தார்.

"எறங்குதா?"

என் பாதத்துக்குக் கீழே பெடல், பஸ்ஸில் யாரோ நகர்ந்து இடம் கொடுப்பது போல, மெல்ல இறங்கியது.

"எறங்குது."

"கால எடுத்துறாத. இன்னொருக்கா நல்லா மிதி" என்றார், எங்கள் பாஷையில்.